பெருக்குற கப்பலின் வலது பக்கம்

6.2.1983, ஞாயிறு

துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். கப்பக்காரர் வந்து வாசலில் நின்றார். மூன்று வீடு தள்ளி இருக்கிறவர். பெயர் கோவிந்தன், ஆனால் மேனாம்பேட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மீசை முளைக்கிற வயசில் வெள்ளைக்காரன் சண்டைக் கப்பலில் வேலை பார்த்தவராம். அப்புறம் ஆவடியில் ஃபிட்டர். இப்போது ரிட்டயர்ட். பெண்சாதி போய்ச் சேர்ந்து வெகு காலம். இத்தனை வருஷத்தில் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கும் என்னோடு பேசவில்லை, என் வாசற்படியோடுதான் பேசினார்.

"பொம்மைக் கம்பெனில கண்ணு எழுதுற பேபி நீதானம்மா?"

"கண்ணும் எழுதுவேன், உதடும் எழுதுவேன். உங்களுக்கு எது அழிஞ்சு போச்சு?"

சிரிக்கவில்லை. வலது கையை நீட்டிக் காட்டினார். அரசிலை மாதிரி ஆடியது. வீட்டில் ஒரு கப்பல் பொம்மை செய்துகொண்டிருக்கிறாராம். அதற்குக் கோடு போட்டு வர்ணம் தீட்ட வேண்டுமாம். கை ஒத்துழைக்க மாட்டேன் என்கிறதாம்.

வருகிறேன் என்று சொன்னேன்.

உள்ளேயிருந்து என் தம்பி நாகப்பன் எட்டிப் பார்த்தான். "இன்னாவாம் அந்தாளுக்கு?"

"கண்ணு எழுதணுமாம்."

"யாருக்கு?"

"கப்பலுக்கு."

"தனியா போவாதக்கா. புஷ்பாவ இட்டுகினு போ."

புஷ்பா அவன் பெண்சாதி. எனக்கு நாற்பத்தாறு வயசு. தாலி கட்டியவன் இரண்டே வருஷத்தில் கண்ணை மூடிவிட, தம்பி வீட்டு மூலையில் என் டிரங்குப் பெட்டி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இவனுக்கு மூக்கு சிந்திவிட்டவள் நான். இப்போது எனக்குக் காவல் போடுகிறான். போடட்டும். புஷ்பாவுக்கும் பொழுது போகும்.

13.2.1983, ஞாயிறு

கப்பலைப் பார்த்தேன்.

ஏதோ சந்தைப் பொம்மை என்று நினைத்துப் போனேன். இரண்டு முழம் நீளம். பார்சல் பெட்டிப் பலகையை அடுக்கடுக்காக ஒட்டி, இழைத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்கியிருக்கிறார். மூக்கு கத்தி மாதிரி. வயிறு மட்டும் மெதுவாக உப்பி, பின்னால் போகப்போக ஒடுங்குகிறது. கையை வைத்ததும் எடுக்க மனசு வரவில்லை. தூங்கும் குழந்தையின் முதுகு மாதிரி இருந்தது.

"இன்னா கப்பலுங்க இது? குண்டு போடுறதா?"

"இல்லம்மா. கடல்ல மெதக்கிற குண்டுங்கள வாரிகினு போறது. பின்னால கம்பி உட்டு, இழுத்துகினே போவும். இது முன்னால போனாத்தான் பெரிய கப்பலுங்க பின்னால வர முடியும்."

"அப்ப பெருக்குற கப்பலுன்னு சொல்லுங்க. நான் கூட சண்டைக் கப்பலுன்னு பயந்துட்டேன்."

புஷ்பா களுக்கென்று சிரித்துவிட்டாள். கப்பக்காரர் முகம் சுருங்கியது. பிறகு கப்பலைப் பார்த்தபடியே, "நாங்களும் அப்படித்தான் சொல்லிக்குவோம்," என்றார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்புத்தான் என்று நினைக்கிறேன்.

15.2.1983

கம்பெனியில் ஒரு பொம்மைக்குத் தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி கண் எழுதிவிட்டேன். ரிஜெக்ட்.

27.2.1983, ஞாயிறு

இன்னும் வர்ணமே தொடவில்லை. முதலில் உடம்பு சரியாக வேண்டுமாம். நிஜக் கப்பல் ஒரே தகட்டில் செய்ததில்லை, தகட்டின் மேல் தகடு ஏறி உட்கார்ந்திருக்கும், அந்த விளிம்பு தெரிய வேண்டும் என்கிறார். தபால் கார்டைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டுகிறோம். நேராக ஒட்டினேன். "நேரா இல்ல, கப்பலோட வளைவுலயே போவணும், மூக்குகிட்ட கொஞ்சம் மேல ஏறும்," என்றார். பிய்த்து மறுபடி ஒட்டினேன். சரிதான். இப்போது அந்தக் கோடுகள் ஓடுவதைப் பார்த்தாலே கப்பல் நகர்கிற மாதிரி இருக்கிறது.

வட்ட ஜன்னல்களுக்குப் பேனா ரீஃபிலைப் பொடிப்பொடியாக நறுக்கி வளையம் வளையமாகப் பதித்தோம். நங்கூரச் சங்கிலிக்கு என்ன செய்வது என்று தேடிக்கொண்டிருந்தார். என் கழுத்தில் கிடந்த கவரிங் செயினைக் கழற்றிக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றார்.

"கவரிங்குதான் கப்பக்காரரே, தங்கம்னா நான் கொடுப்பனா? பச்சை ஏறிப் போச்சு. உங்க கப்பலாவது போட்டுக்கட்டும்."

கண்ணிகள் சரியான அளவாம். கறுப்பு பூசியதும் என் செயின் எங்கே போனது என்றே தெரியவில்லை. வெறும் கழுத்தோடு வீட்டுக்கு வந்தேன். காற்று பட்டது, நன்றாக இருந்தது.

13.3.1983, ஞாயிறு

இன்றைக்கு ஃபோட்டோவைக் காட்டினார். கறுப்பு வெள்ளை. மஞ்சளாகிவிட்டது. கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது, இடது பக்கம் மட்டும் தெரிகிறது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக, சாய்வு சாய்வாகப் பட்டைகள். தேமல் வந்த மாடு மாதிரி இருக்கிறது என்றேன்.

"எதிரி கண்ணுக்குத் தெரியாம இருக்கறதுக்கா?"

"கடல்ல எங்க போயி ஒளியறது? தெரியும். ஆனா எந்தப் பக்கம் போவுது, எவ்ளோ தூரத்துல கீது, வேகமா போவுதா மெதுவா போவுதான்னு பாக்கறவனுக்குக் கணக்கு தப்பணும். அதான்."

மூக்கின் அடியில் வெள்ளையாக ஒரு அலை. அது நிஜ அலை இல்லையாம், வரைந்த அலையாம்! கப்பல் சும்மா நின்றாலும் வேகமாக ஓடுகிற மாதிரி காட்டுவதற்கு. நான் கைதட்டிவிட்டேன். "புஷ்பா, பாத்தியா, உன் ஊட்டுக்காரன் வந்தா நீ துடைப்பத்த எடுத்துகினு ஓடுவியே, அதேதான்!" புஷ்பா என்னைக் கிள்ளினாள்.

மேல்தட்டு நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அடியில் வெளிர் நிறம் பூச வேண்டுமாம், நிழல் தெரியாமல் இருக்க. கண்ணுக்கடியில் பவுடர் போடுவது போல. இதெல்லாம் பெண்பிள்ளைகள் சமாசாரம், கடற்படைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

பட்டைகள் என்ன நிறம் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "ஒண்ணு சாம்பல். ஒண்ணு நீலமும் இல்ல, பச்சையும் இல்ல." இதை வைத்துக்கொண்டு நான் என்ன கலக்குவது?

20.3.1983, ஞாயிறு

நிறம் தேடி அம்பத்தூர் ஏரிக்குப் போனோம், அவர், நான், காவலுக்குப் புஷ்பா. வெயில் ஏறாத நேரம். தண்ணீர் அசையவே இல்லை. ஏரிக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு கிடையாது, யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி.

"அங்க பாரு," என்றார். எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று தெரியவில்லை. கோரைப் புல், புகை மாதிரி பனி, அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பனியிலிருந்து ஒரு துண்டு, காலை எடுத்து வைத்தது. நாரை! அவ்வளவு நேரமும் கண்ணெதிரிலேயே நின்றிருக்கிறது. அது நின்றதும் மறுபடி காணோம்.

"அதோட முதுகு நிறம்தான்," என்றார்.

திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. நான்கூடப் பேசவில்லை. புஷ்பா வீட்டுக்கு வந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜுரமா அண்ணி என்று.

3.4.1983, ஞாயிறு

நிறம் அகப்பட்டுவிட்டது. பொம்மைச் சட்டைக்கு அடிக்கிற நீலம், கொஞ்சம் கறுப்பு, துளி மஞ்சள். தகரத்தில் தடவிக் காட்டினேன். கப்பக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இடது பக்கம் ஆரம்பித்தாயிற்று. புஷ்பா இன்று வரவில்லை, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. தனியாகத்தான் போனேன். கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

10.4.1983, ஞாயிறு

நாகப்பன் சோற்றில் கை வைத்தபடி சொன்னான். "எக்கா, போதும். தெருவுல எவனெவனோ இன்னான்னமோ பேசிகினு கீறான். டீக்கடைல நான் போனா பேச்ச நிறுத்தறானுங்க."

"இன்னா பேசறானுங்க? பேபி போயி கப்பல் ஓட்டறான்னா?"

"எல்லாத்துக்கும் சிரிக்காத. ஒத்த ஆம்பள கீற ஊடு. அந்தப் பொம்ம முடிஞ்சதும் போவக்கூடாது. அவ்ளோதான்."

சிரித்துக்கொண்டேதான் எழுந்தேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கப்பல் முடிந்ததும். முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் என்ன செய்வேன்? துணி துவைப்பேன்.

24.4.1983, ஞாயிறு

இடது பக்கம் முடிந்தது. நங்கூரத் துவாரத்துக்குக் கீழே துருவழிந்த மாதிரி செம்பழுப்பை நீர்க்கக் கரைத்து ஒழுகவிட்டேன். தண்ணீர்க் கோட்டில் பாசி. புதுக் கப்பலாக இருந்தது, கடலுக்குப் போய்த் திரும்பிய கப்பல் ஆகிவிட்டது. பாதிதான். வலது பக்கம் வெறும் சாம்பல்.

1.5.1983, ஞாயிறு

கப்பக்காரர் அரக்கோணத்தில் மகள் வீட்டுக்குப் போகிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். நாகப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மனசில் ஒரு திட்டம். அவர் வருவதற்குள் வலது பக்கத்தையும் முடித்துவிட வேண்டும். திறந்ததும் அசந்துபோக வேண்டும். வெண்ணெய்த்தாள் எடுத்து இடது பக்கத்தை அப்படியே பென்சிலில் பிரதி எடுத்தேன். திருப்பிப் போட்டால் வலது பக்கம். கம்பெனியில் ஒரு கண் எழுதிவிட்டு இன்னொரு கண்ணுக்கு இப்படித்தான் செய்வோம். மயிரிழை மாறினாலும் ரிஜெக்ட்.

15.5.1983, ஞாயிறு

வந்தார். பார்த்தார்.

கப்பலை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

"இந்தப் பக்கம் இப்படி இல்லம்மா."

"ஃபோட்டோல இந்தப் பக்கம் ஏதுங்க? அதான் அதையே திருப்பிப் போட்டேன்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா எதிரிக்கு ஒரு தபா பாத்தாலே போதுமே. எப்பிடித் திரும்பினாலும் கண்டுபுடிச்சிடுவான். அது வேற, இது வேற."

"யாருங்க வந்து பாக்கப் போறாங்க? எந்த எதிரி மேனாம்பேட்டுக்கு வரப் போறான்?"

"நான் பாத்தேனே," என்றார்.

அவ்வளவுதான். கத்தவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாவியைத் திண்டின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

16.5.1983

போய்யா. போ. முதுகு ஒடிய ஒடிய உக்காந்து எழுதினேன். இன்னா சொன்ன? இப்படி இல்லம்மாவா? நான் இன்னா அந்தக் காலத்துல உன் கப்பல்ல ஏறி வந்தனா? எனக்கு இன்னாத்துக்கு இது. நாகப்பன் சொன்னது சரிதான்— இல்ல, அவன் சொன்னதும் சரியில்ல. ஒருத்தன் சொன்னதும் சரியில்ல.

29.5.1983, ஞாயிறு

துணி துவைத்தேன். நாகப்பனுக்குச் சந்தோஷம். ஆட்டுத்தலை வாங்கி வந்தான்.

5.6.1983, ஞாயிறு

விடியற்காலையில் ஒரு கனவு. கம்பெனிப் பொம்மைகள் எல்லாம் அம்பத்தூர் ஏரியில் மிதக்கின்றன. எல்லாம் ஒரே முகம், ஒரே கண். தண்ணீர் ஒன்றையும் அசைக்கவில்லை. எது எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை, எதுவும் எங்கும் போகவில்லை என்பதுதான் தெரிகிறது. அவற்றுக்கு நடுவே சாய்வுப் பட்டை போட்ட ஏதோ ஒன்று மெதுவாக வந்தது. வழிவிட்டு வழிவிட்டுப் பொம்மைகள் விலகின.

எழுந்து முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தேன். என் இடது புருவம் கொஞ்சம் மேலே இருக்கிறது. வலது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. இடது கன்னம் சிரித்தால் வலதுக்குத் தெரியாது போலிருக்கிறது. நாற்பத்தாறு வருஷம் இந்த முகத்தோடு இருந்துகொண்டு, ஒரு பக்கத்தைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் வந்துவிடும் என்று எப்படி நம்பினேன்?

12.6.1983, ஞாயிறு

போனேன். உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் வலது பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். என் அழகான பட்டைகள் எல்லாம் தூளாகி மடியில் விழுந்தன. தும்மல் வந்தது.

"யோவ் கப்பக்காரரே," என்றேன். இதுவரை யோவ் போட்டுக் கூப்பிட்டதில்லை. "ஃபோட்டோ இல்ல. உன் வாய்தான் கீது. சொல்லு, எழுதறேன்."

சொன்னார். விஷ ஜுரம் வந்து துறைமுகத்து ஆஸ்பத்திரியில் அவரை இறக்கிவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. ஜன்னல் ஓரக் கட்டில். கப்பல் வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு போனது. மேல்தட்டில் பையன்கள் கையாட்டினார்கள். கண்ணுக்கு மறைகிறவரை பார்த்திருக்கிறார். ஜுரம் தீர்ந்ததும் அவரை வேறு கப்பலில் போட்டுவிட்டார்கள், அப்புறம் சண்டையே முடிந்துவிட்டது. அதை மறுபடி பார்க்கவே இல்லை.

"அப்ப இன்னா ஆச்சு அதுக்கு?"

"ஒடச்சி வித்துட்டிருப்பானுங்க. அதுக்கும் வயசாச்சில்ல."

மூக்குக்குப் பக்கத்தில் படுத்த எருமை மாதிரி ஒரு பெரிய திட்டு. புகைபோக்கிக்கு நேர் கீழே மேலிருந்து வழிந்த கூழ் மாதிரி ஒன்று. அதற்குப் பின்னால் வெறும் வெளிர் சாம்பல், பனி மாதிரி, கடைசி வரைக்கும். அதனால்தான் கப்பல் போகும்போது பின்பாதி முதலில் மறைந்ததாம், முன்பாதி மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் போனதாம்.

பென்சிலால் போட்டுக்கொண்டே வந்தேன். எருமையை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார்.

17.7.1983, ஞாயிறு

எருமை சரி. கூழ் இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டுமாம். பின்பக்கச் சாம்பல் கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறதாம். குறைத்தேன். நாகப்பன் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என் முகத்தைப் பார்ப்பதில்லை.

24.7.1983, ஞாயிறு

கூழ் அகலம் அதிகமாம். சாம்பல் வெளுத்துவிட்டதாம்.

7.8.1983, ஞாயிறு

கூழைப் பழையபடி அகலமாக்கச் சொன்னார். சாம்பலை அழுத்தச் சொன்னார்.

பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். "யோவ், போன மாசம் அழுத்தம்னு சொன்ன. அப்பால வெளுப்புன்னு சொன்ன. இப்ப மறுபடியும் அழுத்தமா? இன்னா, என்னை வெச்சிப் பெருக்கறியா?"

அவர் கை ஆடிக்கொண்டிருந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார், அதுவும் ஆடியது.

"சாம்பலு அப்பவே சரியாப் போச்சு," என்றார். "முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டா நீ வரமாட்டியே."

வெளியே யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள். கப்பலின் வரைந்த அலையைப் பார்த்தேன். அது நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் மகள் ஒத்துக்குமா?" என்று கேட்டேன்.

"அதுதான் அரக்கோணத்துலயே என்னைக் கேட்டுச்சு. அந்தம்மா யாருப்பா, பேச்சுக்குப் பேச்சு பேர் சொல்றியேன்னு."

14.8.1983, ஞாயிறு

நாகப்பனிடம் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஊர் சிரிக்கும்."

"இத்தினி வருசமா நான் ஊரைப் பாத்துச் சிரிச்சேன். இப்ப அது சிரிக்கட்டும்."

"என் ஊட்ல உனக்கு இன்னாக்கா கொறை வெச்சேன்?"

ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொன்னேன். அவன் அழுதுவிட்டான். சின்ன வயசில் அழுகிற மாதிரியே, கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

4.9.1983, ஞாயிறு

மாங்காட்டுக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். அவர் மகள் குடும்பம் வந்தது. புஷ்பா பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தாள், பால் சொம்போடு. நாகப்பன் வரவில்லை.

9.10.1983, ஞாயிறு

ஐந்து வாரமாகிறது. தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால் நாகப்பன் குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறான். தண்ணீர் வழிந்து தெருவில் ஓடுகிறது. நானே நிறுத்திவிட்டு வருகிறேன்.

இவர் கேட்டார், ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று. நான் பேசாமல் இருந்தால் இவருக்குத் தூக்கம் வராதாம்.

18.12.1983, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. தெருவும் வாய்க்காலும் ஒன்று. காலையில் கூரைச் சிமெண்டு ஷீட் ஒன்று காற்றில் கிளம்பி நடுவீட்டில் அருவி. கப்பலைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்தோம். அண்டா, குண்டான், சொம்பு எல்லாவற்றையும் பரப்பினோம். அவர் ஏணியைச் சாத்திவிட்டு ஏறப் பார்த்தார். "அந்தக் கையோட ஏறினா உன்னையும் சேத்துப் புடிக்கறதுக்கு அண்டா வெக்கணும்," என்று இழுத்து நிறுத்தினேன்.

அப்போது சைக்கிள் சத்தம். புது ஷீட் ஒன்றைக் கேரியரில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு நாகப்பன் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்தி, ஷீட்டைத் தலையில் வைத்து ஏணியில் ஏறிவிட்டான். மேலே தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. இவர் மழையில் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது.

"மாமா, அந்த ஸ்பானரு எடு."

இவர் குனிந்து எடுத்து, ஏணியில் இரண்டு படி ஏறி, ஆடுகிற கையால் நீட்டினார். அவன் 'மாமா' என்றது இவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஸ்பானர்தான் முக்கியம்.

நான் அடுப்படிக்குப் போனேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி களைந்து போட்டேன்.